பத்து வரை

மின்தூக்கிப் பராமரிப்பில் எனக்குப் பதினேழு வருடம்.
கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்று
எண் போட்டு வைப்பது என் வேலை.
முதியோர் அதிகமுள்ள புளோக்கில் இரண்டு நொடி கூட்டுவேன்.
அதற்கே புகார் வரும்:
கதவு ஏன் இவ்வளவு மந்தம்?

செவ்வேள் என்று பெயர் வைத்தோம்,
அவன் நாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத நாளில்.
தசையெல்லாம் தளர்ச்சி என்றார்கள் பிறகு.
நாக்கும் ஒரு தசை.
தன் பெயரில் "வே" மட்டும் எடுத்துக்கொண்டான்.
மீதியை எங்களிடமே விட்டுவிட்டான்.

மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார்:
நமக்கு இருபத்தோராவது இடத்தில் இரண்டு இழை,
இவனுக்கு மூன்று.
கோமதி கேட்டாள்,
நான் ஏதாவது சாப்பிட்டதாலா?
இல்லை.
அந்த மாசம் இரவு வேலைக்குப் போனேனே, அதாலா?
இல்லை. நீங்கள் செய்து வந்ததல்ல இது.
மறுபடியும் கேட்டாள்.
மறுபடியும், குரல் ஏறாமல், இல்லை.
அந்த மூன்றாவது "இல்லை"க்காகத்தான்
தீபாவளிதோறும் அவருக்கு ஒரு டப்பா முறுக்கு போகிறது.

ஐந்தாம் மாதத்தில் இதயத்தில் தையல்.
மூன்று வயதில் நடை.
அவன் நடந்தபோது நான் பாசிர் ரிஸில்
நின்றுபோன மின்தூக்கியின் கூரைமேல் இருந்தேன்.
கையில் கிரீஸ்.
கைப்பேசியை மூக்கால் தட்டித் திறந்து பார்த்தேன்.

ஈசூன் வீட்டில், எதிர்வாசல்காரர் சொல்வார்:
இந்தப் பிள்ளைகள் எப்போதும் சந்தோஷமாக இருப்பார்கள், இல்லையா?
நல்ல மனிதர்.
ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போது அழைக்க வேண்டும்.
பதினோராவது விரலுக்குள்
எங்கள் வீட்டில் மூன்று பேரும் அழுதிருப்போம்.

பேச்சுப் பயிற்சிக்குப் போனால்
நூருல் திருத்தியது என்னை.
"கேள்வியும் கேட்கிறீர்கள், பதிலும் நீங்களே சொல்கிறீர்கள்.
கேளுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.
அவனுக்குப் புரிகிறது.
வார்த்தை வந்துசேர நேரம் பிடிக்கிறது."

பத்து நொடி
என் தொழிலில் பெரிய நேரம்.
அவ்வளவு நேரம் மூடாத கதவுக்கு
ஆள் அனுப்பச் சொல்லிவிடுவார்கள்.

சனிக்கிழமை, கீழே காப்பிக்கடை.
எங்களுக்குப் பின்னால் ஐந்தாறு பேர்.
ஒருவர் உள்ளங்கையில் சில்லறையைக் குலுக்கியபடி.
வழக்கமாக, கோப்பி ஓ ஒன்று, மைலோ ஒன்று
என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்.
அன்று குனிந்து கேட்டேன்:
வே, என்ன குடிக்கிற?

ஒன்று.
இரண்டு.
அவன் கண் கண்ணாடிக் குவளைகளின்மேல் ஊர்ந்தது.
நான்கு.
ஆன்ட்டி மேடையைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே.
ஆறு.
சில்லறைச் சத்தம் நின்றது.
ஏழில் என் வாய் திறந்து "மை" வரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
எட்டு.

"ரோ."

ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.
ரோஜா நிறத்தில் பண்டோங் நிற்கும் ஜாடியைத் தொட்டு,
இதுவா?
மோவாய் நெஞ்சில் இடிக்கத் தலையாட்டினான்.

ஒன்பது வயது அவனுக்கு.
ஆறு வருடமாக மைலோ.
கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும்.
அதில் ஒன்றைக்கூட அவன் கேட்டதில்லை.

மேசையில் பாதி குடித்தான். கொஞ்சம் சட்டையும் குடித்தது.
பிறகு குவளையை என் பக்கம் நகர்த்தி
புருவத்தைத் தூக்கினான்.
எனக்குச் சர்க்கரை இருக்கிறது,
என்ன சொல்வதென்று யோசித்தேன்.

அவன் எதையும் எண்ணவில்லை.
குவளையில் ஒரு விரலை வைத்தபடி
சும்மா காத்திருந்தான்.